உயிரோடிருப்பவருக்கு ஒரு நாற்காலி

கோவில்பட்டிக் கரிசல் இரண்டு பேரை எதிரெதிர்த் திசையில் அனுப்பிவைத்தது. அங்கிருந்த அரசு வேளாண் ஆராய்ச்சி நிலையத்து வேலையை 1969ல் உதறிவிட்டு ஊர்களுக்குள் இறங்கி நடந்தார் கோ. நம்மாழ்வார். இருபது வருஷம் கழித்து, 1989ல், பக்கத்து இடைசெவலிலிருந்து கிளம்பிப் புதுவைப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தார் கி. ராஜநாராயணன். முன்னவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து வேளாண் பட்டதாரி. ஆராய்ச்சிக்கூடத்தை விட்டாரே தவிர ஆராய்ச்சியை விடவில்லை. பின்னவர் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட சம்சாரி, கரிசல் பேச்சில் விவசாயி. பேராசிரியராக உட்கார்ந்து, எம்.ஏ. படிக்கும் பிள்ளைகளுக்கு ஊர்க்கிழவியிடம் கதை கேட்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்.

இந்த இரண்டு பயணத்தையும் சேர்த்துவைத்துப் பார்க்கவேண்டிய காலம் இது. சமூகத் தொழில்முனைவோரைப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்து, மாணவர்களோடும் ஆய்வோடும் கோத்துவிடும் ஃபெலோஷிப்களைப் பற்றித்தான் இன்று எங்கும் பேச்சு. பில் டிரேட்டன் 1980ல் அமெரிக்காவில் தொடங்கிய அமைப்பு நம் அசோகச் சக்கரவர்த்தியின் பெயரைச் சூட்டிக்கொண்டு, ஊருக்கு உழைக்கிறவர்களைத் தேடிப்பிடித்து உதவித்தொகை கொடுத்தது. 2003ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஸ்கோல் மையம் வந்தது. 2007ல் மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனம் இதற்கென்றே முதுகலைப் படிப்பு தொடங்கியது. தமிழ்நாட்டு முதலமைச்சர் பெயரிலான ஃபெலோஷிப் 2022ல் திருச்சி பாரதிதாசன் மேலாண்மை நிறுவனத்தைக் கல்விக் கூட்டாளியாக வைத்துக்கொண்டு இளைஞர்களை அரசு அலுவலகங்களுக்குள் கொண்டுவந்தது. எல்லாம் நல்லதே. ஆனால் இவற்றின் அறிமுகக் கையேடுகளைப் படித்தால், படிப்புக்கும் களத்துக்கும் உறவு என்பது இந்த நூற்றாண்டில்தான் யாருக்கோ தோன்றியது போல இருக்கும். கரிசலின் கணக்கு வேறு. இங்கே அந்த உறவுக்கு நூற்றிருபது வயது தாண்டிவிட்டது. அது எப்போது கூடியது, எங்கே முறிந்தது என்பதற்குச் சாட்சியும் இருக்கிறது.

கோவில்பட்டிப் பண்ணை தொடங்கியது 1901ல். சைதாப்பேட்டை வேளாண் கல்லூரி கோயம்புத்தூருக்குக் குடிபெயர்வதற்கும் முந்திய சங்கதி. காரணம் பருத்தி. தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலிப் பருத்தி கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. காட்டிலோ கருங்கண்ணி, உப்பம் என்ற இரண்டு பருத்தி வகைகளும் ஒன்றோடொன்று கலந்து விளைந்தன. சம்சாரிக்கு அந்தக் கலப்பு பெரிய குறையாகத் தெரியவில்லை. ஏற்றுமதி செய்கிறவனுக்கும் நூற்கிறவனுக்கும்தான் தலைவலி. கருங்கண்ணியைப் பிரித்தெடுத்துச் சுத்தமான விதையாகப் பெருக்குவது பண்ணையின் முக்கிய வேலைகளில் ஒன்றாயிற்று. அரசுப் பண்ணை நிலம் எந்த மூலைக்குக் காணும்? ஆகவே ஊர்ச் சம்சாரிகளோடு ஒப்பந்தம் போட்டு அவர்கள் காட்டிலேயே விதை பெருக்கினார்கள். எச்.சி. சாம்ப்சன் போன்ற வேளாண்துறை அதிகாரிகள் இதற்காகக் கரிசலில் அலைந்தார்கள். கையால் வீசி விதைத்த இடத்தில் வரிசையாக விதைக்க வேண்டும் என்றபோது, அந்த வித்தை லண்டனிலிருந்து வரவில்லை. பல்லாரிப் பக்கத்து விவசாயிகளிடம் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய விதைக்கலப்பை இங்கே கொண்டுவரப்பட்டது. ஒரு வறண்ட சீமையின் சம்சாரி இன்னொரு வறண்ட சீமையின் சம்சாரிக்குக் கற்றுக்கொடுத்தார். அரசாங்கம் நடுவில் நின்றது.

அதைப் புண்ணிய காரியமாக யாரும் செய்யவில்லை, வியாபாரக் கணக்குதான். இருந்தும், அந்தக் கணக்கு அதிகாரியைக் காட்டுக்கு இழுத்துவந்தது, சம்சாரியின் நிலத்தை ஆராய்ச்சிக்கூடமாக்கியது. கொடுத்த மரியாதையில் மட்டும் ஒரு பாக்கி. பிறகு வந்த ரகங்களெல்லாம் கோவில்பட்டியைக் குறிக்கும் ‘கே’ என்ற எழுத்தோடு வெளியாயின. ஒப்பந்தக் காட்டில் கலப்புச் செடியை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்த சம்சாரிக்கும் அவர் வீட்டுப் பெண்களுக்கும் எந்த எழுத்தும் ஒதுக்கப்படவில்லை.

நம்மாழ்வார் 1963ல் இந்த நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பருத்திக்கும் தானியங்களுக்கும் எத்தனை அடி இடைவெளி விடுவது, எவ்வளவு ரசாயன உரம் இடுவது என்ற சோதனைகள் அவருக்குக் கொடுக்கப்பட்டன. அந்தச் சோதனைகளுக்கு அன்றைக்கு ஒரு நியாயம் இருந்தது. நாட்டில் பஞ்சம், அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்துக் காத்திருந்த நாட்கள். கிணறும் கால்வாயும் உள்ள இடத்தில் உரம் போட்டால் விளைச்சல் கூடுமென்பதை யாரும் மறுக்கவில்லை. கோவில்பட்டியில் கால்வாய் ஏது? வருஷத்துக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கிற இந்த மண், நனைந்தால் காலைப் பிடித்துக்கொண்டு விடாது. சம்சாரி புரட்டாசியில் காய்ந்த புழுதியிலேயே விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்ப்பார். பருத்திக்கு ஊடே உளுந்தும் பாசியும், இரண்டு சால் துவரை, ஓரத்தில் கொஞ்சம் மல்லி. ஒன்று போனாலும் இன்னொன்று வீடு வந்து சேரும் என்ற ஏற்பாடு. ஏக்கருக்கு எத்தனை குவிண்டால் என்பது நிலையத்தின் கேள்வி. மழை தப்பிவிட்டால் கடனில்லாமல் என்ன மிஞ்சும் என்பது சம்சாரியின் கேள்வி. உரத்துக்கும் ஒட்டுவிதைக்கும் கடன் வாங்கிப் போட்டு மழை ஏமாற்றினால், நிலையத்தின் பதிவேட்டில் அது ஒரு சோதனையின் தோல்வி. சம்சாரி வீட்டில் அடகுக்கடைச் சீட்டு.

ஆராய்ச்சியின் திசையை மாற்ற வேண்டும் என்று நம்மாழ்வார் உள்ளே சொல்லிப் பார்த்தார். கேட்பாரில்லை. ஆறு வருஷத்தில் வெளியேறினார். சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்ற டொமினிக் பியர் நிறுவிய அமைப்பில் சேர்ந்து களக்காடு வட்டாரத்தில் பத்தாண்டு வேலை செய்தார். 1979ல் ‘குடும்பம்’ அமைப்பைத் தொடங்கினார். கரூர் மாவட்டத்தில் ‘வானகம்’ கடைசியாக அவர் கட்டியது. 2007ல் காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. கணக்குப் பார்த்தால், ஆராய்ச்சி உலகம் அவரைத் திரும்ப உள்ளே அழைக்க முப்பத்தெட்டு வருஷம் பிடித்தது. அதுவும் ஒரு நாள் விழாவுக்கு, தோளில் ஒரு அங்கி போட்டு.

இந்தக் கதையைச் சொல்லும்போது நிலையத்தை வில்லனாக்கிவிடுவது எளிது. அது நியாயமில்லை. 1970ல் அகில இந்திய மானாவாரி வேளாண் ஆராய்ச்சித் திட்டம் தொடங்கியபோது அதன் மையங்களில் ஒன்றாகக் கோவில்பட்டி வந்தது. பருவமழைக்கு முன்பே விதைப்பதற்கு எந்த வாரம் தோது, விதையைக் கரைசலில் ஊறவைத்து உலர்த்திக் கடினப்படுத்தி விதைத்தால் வறட்சியை எப்படித் தாங்கும், பெய்த மழையை அந்தந்தக் காட்டிலேயே எப்படி நிறுத்துவது என்றெல்லாம் அங்கே வேலை நடந்தது. புழுதி விதைப்பு கரிசலுக்குப் பழைய வழக்கம். அதற்கு நாளும் அளவும் குறித்துக் கொடுத்தது ஆராய்ச்சி. நம்மாழ்வார் உள்ளே இருந்து கேட்ட திசையில் நிலையம் கொஞ்சமாவது திரும்பியது, அவர் போன பிறகு. இழப்பு இரு தரப்புக்கும்தான். வெளியே போனவருக்கு ஊர் ஊராகச் சம்சாரிகள் கிடைத்தார்கள், அளந்து பதிவுசெய்யும் கூடம் கிடைக்கவில்லை. உள்ளே இருந்தவர்களுக்குக் கூடம் இருந்தது, அவரைப்போல் குறுக்குக்கேள்வி கேட்கும் ஆள் இல்லை. இயற்கை விவசாயம் பற்றிய சண்டை இன்றுவரை மேடைப்பேச்சுக்கு எதிர் மேடைப்பேச்சாகவே நடப்பதற்கு அந்தப் பிரிவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

கி.ரா.வின் கதை இதற்கு நேர்மாறு. புதுவைக்குப் போகும் முன்பே அவர் செய்த ஒரு வேலை, எந்தப் பல்கலைக்கழகத் துறையும் செய்திருக்கவேண்டியது: 1982ல் வெளிவந்த கரிசல் வட்டாரச் சொல்லகராதி. உழவு, ஆடு மாடு, மழை, பயிர், நோய், வசவு என்று சம்சாரிகள் வாயில் புழங்கிய சொற்களைத் திரட்டி அகராதியாக்கினார். பட்டமும் இல்லை, மானியமும் இல்லை. அப்போது புதுவைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த கி. வேங்கடசுப்பிரமணியன் அவரை வருகைதரு பேராசிரியராக அழைத்தது, என் கணக்கில், தமிழ்ச் சூழலின் பல்கலைக்கழக வரலாற்றில் துணிச்சலான நியமனங்களில் ஒன்று. அறுபத்தாறு வயதில், விவசாயிகள் போராட்டத்தில் சிறைக்குப் போய்வந்த ஒரு மனிதர், நாட்டுப்புற வழக்காறுகளை ஆவணப்படுத்தும் மையத்தில் போய் உட்கார்ந்தார். மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார். ‘புதுவை வட்டார நாட்டுப்புறக் கதைகள்’ என்று தொகுப்பு வந்தது. கற்றறிந்தவர்கள் கையால் தொடக் கூசிய பாலியல் கதைகளையும் அவர் விடவில்லை. கழனியூரனோடு சேர்ந்து ‘வயது வந்தவர்களுக்கு மட்டும்’ என்று புத்தகமாக்கினார். கதை சொன்ன பாட்டிமார்கள் ‘தகவலாளி’ என்ற சொல்லுக்குள் அடங்கிப்போகாமல் கதைசொல்லியாகவே நின்றதற்குக் காரணம், கேட்கப் போனவர்களை அனுப்பியவரும் ஒரு கதைசொல்லி என்பதுதான்.

அவர் எழுதிய ‘நாற்காலி’ என்ற கதை பலருக்கு நினைவிருக்கும். ஆசைப்பட்டுச் செய்துவைத்த நாற்காலி, ஊரில் யார் செத்தாலும் பிணத்தை உட்காரவைக்க இரவல் போகிற பொருளாகிவிடுகிறது. நம் பல்கலைக்கழகங்களில் ‘இருக்கை’ என்று நிறுவுகிறார்களே, அவற்றில் பெரும்பாலானவை மறைந்தவர்களின் பெயரால்தான். உயிரோடிருக்கும்போதே ஒருவரைக் கூப்பிட்டு உட்காரவைத்த வகையில் புதுவை நியமனம் விதிவிலக்கு. கி.ரா. 2021ல் புதுவையில் மறைந்தார். அரசு மரியாதையோடு இடைசெவலில் இறுதிச்சடங்கு நடந்தது. கோவில்பட்டியில் நினைவரங்கமும் எழுந்துவிட்டது. அழகான கட்டடம். ஆனால் இடைசெவலிலோ கழுகுமலையிலோ இன்று ஒரு கி.ரா. இருந்தால், அவரைக் கூப்பிட இந்த வட்டாரத்தின் எந்தக் கல்லூரிக்கு வழியும் மனசும் இருக்கிறது?

மாணவர்கள் கரிசலுக்கு வராமலில்லை. வேளாண் கல்லூரி இறுதியாண்டுப் பிள்ளைகள் கிராமத் தங்கல் பயிற்சிக்காக ஊர்களில் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். கோவில் முன்னால் தரையைக் கூட்டி, கலர்க் கோலப்பொடியில் ஊர் வரைபடம் போடுவது அந்தப் பயிற்சியில் ஒரு கட்டாயம். அப்படியொரு வரைபடத்தை விளாத்திகுளம் பக்கத்து ஊரொன்றில் பார்த்தேன். நீலப்பொடியில் கண்மாய், பச்சையில் காடு, சிவப்பில் வீடுகள். சுற்றி நின்ற கூட்டத்திலிருந்து ஒரு பாட்டி குனிந்து பார்த்தார்.

“தாயி, கம்மாய்க்கு எதுக்கு இம்புட்டு நீலத்தைக் கொட்டியிருக்க?”

“தண்ணி பாட்டி.”

“தண்ணியா! ஓடைய மறிச்சு ரோடு போட்டதுலருந்து அதுக்குத் தண்ணி வரத்து ஏது? வேலிக்கருவைதான் நிக்கி. பச்சையப் போடு.”

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே நோட்டில் எதையோ எழுதினாள். ஓடை எப்போது மறிக்கப்பட்டது, யார் மறித்தது, கண்மாய் வறண்டபின் கீழ்க்காட்டில் என்ன பயிர் மாறியது என்று ஒரு முழு முனைவர் பட்ட ஆய்வே அங்கே தரையில் கிடந்தது. பயிற்சிப் பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை. வரைபடத்தைப் போட்டோ எடுத்தார்கள், மதிப்பெண் வந்திருக்கும். அடுத்த வருஷம் வேறு பிள்ளைகள் வேறு ஊரில் நீலப்பொடி தூவுவார்கள். குறை அந்தப் பெண் மேல் இல்லை. பாட்டியின் கேள்வியை வாங்கிக்கொண்டு போய் அடுத்த அணியிடம் ஒப்படைக்க நிலையான ஓர் ஆள் நடுவில் வேண்டும். ஃபெலோ என்று எவரையாவது அமர்த்துவதானால் அந்த இடத்தில்தான் அமர்த்த வேண்டும்.

அப்படி நடுவில் நின்றவர்கள் இல்லாமல் போகவில்லை. அகமதாபாத் மேலாண்மைக் கழகப் பேராசிரியர் அனில் குப்தா தொடங்கிய தேனீ வலைப்பின்னல், சம்சாரிகளின் கண்டுபிடிப்பை அவரவர் பெயரோடு பதிவுசெய்ய வேண்டும், அவரவர் மொழியிலேயே அவருக்குத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று விதி வைத்துக்கொண்டது. அதன் தமிழ்க் கிளையாக மதுரையிலிருந்து ‘சேவா’ அமைப்பு ‘நம் வழி வேளாண்மை’ இதழை நடத்தியது. கோவில்பட்டிப் பண்ணை அன்று விட்ட மரியாதைப் பாக்கியை ஓரளவு தீர்த்தது இந்த விதிதான்.

இன்னொரு உதாரணம் குதிரைவாலி என்ற சிறுதானியம். இதை ஆற அமரச் சொல்லியாக வேண்டும். கரிசல் மானாவாரிக்குக் குதிரைவாலி மாதிரி தோதான தானியம் குறைவு. மழை கொஞ்சம் முன்பின்னானாலும் தாங்கும். குறுகிய நாளில் விளையும். ஆனால் நெல்லும் மக்காச்சோளமும் வந்தபின் ஊரில் அதைச் சமைப்பவர் அருகிப்போனார்கள். சுவை பிடிக்காததல்ல காரணம். மணி கடுகைவிடச் சற்றுப் பெரிது. அதன்மேல் வழவழவென்று இறுகிய உமி. உரலில் போட்டுக் குத்தி, சுளகில் புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்து ஒரு வேளைச் சோற்றுக்கு அரிசியாக்குவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். குத்துவது பெண்கள். அரிசி ரேஷனில் வந்ததும் அவர்கள் உலக்கையை மூலையில் சாத்தியதில் என்ன தப்பு? விளைந்த தானியம் அரிசியாவதற்காக நாசிக் வரை லாரி ஏறிப் போனது. இங்கே விளைவித்தவர் மலிவாக விற்று, அரிசியானதை விலைக்கு வாங்கவும் முடியாமல் நின்றார்.

2011 முதல் சில ஆண்டுகள், கனடாவின் ஐ.டி.ஆர்.சி. நிதியுதவியோடு, மதுரை தானம் அறக்கட்டளையும் கனடாப் பல்கலைக்கழகங்களும் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமும் சேர்ந்து சிறுதானியங்களைக் கையில் எடுத்தன. அவர்கள் வேலை செய்த இடங்களில் ஒன்று பேரையூர்ப் பக்கம், குதிரைவாலிச் சீமை. அங்கே தொடக்கக் கேள்வி ‘விளைச்சலைக் கூட்டுவது எப்படி’ என்பதோடு நிற்கவில்லை. ‘உமியை எடுப்பது எப்படி’ என்பதும் ஆராய்ச்சிப் பொருளாயிற்று. கேட்பதற்குச் சாதாரணம். ஆனால் வேளாண் ஆராய்ச்சியில் உலக்கை பிடித்த கையின் வலி ஆய்வுத் தலைப்பாக ஏறியது அடிக்கடி நடப்பதில்லை. சுழலும் தட்டிலிருந்து தானியத்தை வீசிச் சுவரில் மோதவிட்டு உமியை உடைக்கும் சிறு இயந்திரங்கள் சீர்செய்யப்பட்டன, கிராம அளவில் ஓட்டத்தக்க வகையில். பொறியாளருக்கு வேகமும் கோணமும் தெரியும். ஈரம் கூடினால் மணி நசுங்கும், மீறிக் காய்ந்தால் குருணையாகும், காற்று கூடினால் அரிசியும் உமியோடு பறக்கும் என்பது ஓட்டிப் பார்க்கிறவருக்குத் தெரியும். இரண்டு பேரும் ஒரே கொட்டகையில் நின்றால்தான் அந்த வேலை ஆகும்.

பல்கலைக்கழக மானியக் குழு 2022ல் ‘நடைமுறைப் பேராசிரியர்’ என்ற பதவியை அறிவித்தது. பட்டம் கட்டாயமில்லை, தன் துறையில் பதினைந்து வருஷ அனுபவம் போதும், அதிகபட்சம் நான்கு வருஷம் இருக்கலாம், மொத்த ஆசிரியர் இடங்களில் பத்து சதவீதம் வரை நியமிக்கலாம். நீர் சேகரிப்பு, இயற்கை விவசாயம், கிராம மேம்பாடு எல்லாம் தகுதியான துறைகளாக அந்த வழிகாட்டுதலில் இடம்பெற்றிருக்கின்றன. நம்மாழ்வாரும் கி.ரா.வும் இருந்திருந்தால் இரண்டு பேரும் சட்டப்படியே உள்ளே வந்திருக்கலாம். காகிதத்தில் கதவு திறந்துவிட்டது. நிதி? நிறுவனமே தன் பணத்தில் கொடுக்கலாம், தொழில்துறை கொடுக்கலாம், அல்லது கௌரவப் பதவி. கம்பெனிகள் காசு போட்டு அனுப்பிவைக்கிற ஆட்கள் யாராக இருப்பார்கள் என்று ஊகிக்க ஜோசியம் வேண்டாம். மென்பொருள் மேலாளர் வருவார். விதை சேமிக்கும் சம்சாரிக்கு யார் காசு போடுவது? கௌரவப் பதவி என்று சொல்லிச் சம்பளமில்லாமல் உட்காரவைத்தால் அவர் காட்டுக்கூலி யார் கொடுப்பது?

நாள்காட்டியும் இடிக்கிறது. நவம்பரில் கல்லூரிகளில் செமஸ்டர் தேர்வு. கரிசலில் அதுதான் களையெடுப்பு நேரம். பருத்தி எடுப்பு மும்முரமாகும்போது மாணவர்களுக்கு இன்டர்னல். கோடையில் கல்லூரி விடுமுறை விட்டு மாணவர் ஊருக்கு வந்தால், காடு வெடித்துக் கிடக்கும், பார்க்க எதுவும் இராது. கரிசலோடு உறவு வைக்கிற ஃபெலோஷிப் ஆவணியில் தொடங்கி மாசியில் முடிய வேண்டும். ஒரு மழை தப்பும் என்பதால் மூன்று போகமாவது நீடிக்க வேண்டும். ஆறு மாதத்தில் அறிக்கை கேட்கிற எந்தத் திட்டத்துக்கும் இந்த மண் பதில் சொல்லாது.

திருநெல்வேலிப் பல்கலைக்கழகமோ கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியோ கோவில்பட்டி நிலையமோ, மூன்றும் சேர்ந்தோ, அப்படியொரு இடத்தை உண்டாக்கினால் முதல் ஆளாக யாரைக் கூப்பிடலாம்? பெயர் பெற்றவர்களைத் தேட வேண்டாம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் குதிரைவாலி அரைக்கும் கொட்டகையை நடத்துகிற பெண் ஒருவரைக் கூப்பிடலாம். சம்பளத்தோடு, அவர் ஊரிலேயே இருந்தபடி. மாணவர்கள் அவரிடம் வரட்டும். வெளிவரும் ஆய்வுக் கட்டுரையில் அவர் பெயரும் முதல் வரியில் இருக்கட்டும். அவரிடம் கேள்விகள் தயாராக இருக்கின்றன: ஒரே ஊர்த் தானியம் ஒரு வருஷம் சுத்தமாக உமி கழல்வதும் மறுவருஷம் பாதி அப்படியே நிற்பதும் ஏன்? களத்துமேட்டு மண்ணிலிருந்து வருகிற, தானியத்தின் அளவே இருக்கிற கரிசல் கட்டியைக் கல்நீக்கி ஏன் விட்டுவிடுகிறது? மூன்று நாள் மின்சாரம் தடைப்பட்டால் அரைத்துவைத்த அரிசி ஏன் சிக்கு வாடை அடிக்கிறது? அரிசி போக மிஞ்சும் தவிட்டை மாட்டுக்கு எவ்வளவு வைக்கலாம்?